ஜப்திக்கு வந்த கோவேறு கழுதைகள்

1932 டிசம்பர் 19. அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்து டல்லபூசா கவுண்ட்டியில் ரீல்டவுன் என்ற சின்ன ஊர். கிளிஃப் ஜேம்ஸ் என்ற கறுப்பின விவசாயியின் வீட்டு வாசலில் துணை ஷெரிப் எல்டர் வந்து நிற்கிறார். கையில் ஜப்தி உத்தரவு. கடன் பாக்கிக்காக ஜேம்ஸின் கோவேறு கழுதைகளையும் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஏர் இழுக்கும் கழுதை போய்விட்டால் அடுத்த விதைப்புக்கு நிலத்தில் கால் வைக்க முடியாது. கழுதையை எடுப்பது நிலத்தையே எடுப்பதற்குச் சமம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அன்று ஜேம்ஸுக்குத் துணையாக அக்கம்பக்கத்து விவசாயிகள் சிலர் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நெட் காப். வயது 47. அவருக்குச் சொந்தமாகக் கோவேறு கழுதைகள் இருந்தன, வண்டி இருந்தது, கொல்லுப்பட்டறைச் சாமான்கள் இருந்தன, கார்கூட இருந்தது. அன்றைய ஜப்தி உத்தரவில் அவர் பெயர் இல்லை. பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். வந்தார். துணை ஷெரிப்பிடம் முதலில் நயமாகக் கேட்டார், பிறகு வாதாடினார், கடைசியில் எடுக்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார். அன்று அங்கே நின்றதற்காக அவர் 12 வருஷம் சிறையில் கழித்தார்.

ஏன் வந்தார்? 36 வருஷம் கழித்து, 1969 ஜனவரியில், ஹார்வர்டு மாணவரான தியோடர் ரோசன்கார்ட்டன் ஏறக்குறைய இதையேதான் கேட்டார். டேல் என்ற மாணவி அந்தக் காலத்து விவசாயிகள் சங்கத்தைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். சங்கத்தில் இருந்த ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு இருவரும் அலபாமாவுக்கு வந்திருந்தார்கள். சங்கத்தில் ஏன் சேர்ந்தீர்கள் என்பது கேள்வி. எழுதப் படிக்கத் தெரியாத 84 வயதுக் கிழவர் எட்டு மணி நேரம் பேசினார். நிலக்காரர்கள், கடைக்காரர்கள், உரம் விற்றவர்கள், கழுதை வியாபாரிகள், ஜின்னிங் ஆலைக்காரர்கள், ஷெரிப்கள், நீதிபதிகள் என்று ஒவ்வொருவராக வந்து போனார்கள். கேட்டது ஒரே ஒரு கேள்வி; வந்த பதில் ஒரு குடும்பத்தின் கதை.

அந்தக் குடும்பம் உழுத மண்ணுக்கே ஒரு ஜப்திக் கதை உண்டு. டல்லபூசா ஆற்றங்கரை முழுக்க ஒரு காலத்தில் கிரீக் பழங்குடியினரின் ஊர்கள். 1814 மார்ச் 27 அன்று ஆறு குதிரை லாடம்போல வளையும் இடத்தில், ஹார்ஸ்ஷூ பெண்டில், ஆண்ட்ரூ ஜாக்சனின் படை அவர்களை முறியடித்தது. 1832-ல் ஓர் ஒப்பந்தம் போட்டு மிச்சமிருந்த நிலத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அதே வருஷம் டல்லபூசா கவுண்ட்டி பிறந்தது. 1836-ல் கிரீக் மக்களைத் துப்பாக்கி முனையில் மேற்கே துரத்தினார்கள். பிறகு வந்தவர்கள் அங்கே பருத்தி போட்டார்கள். மேடும் பள்ளமுமான செம்மண் பூமி. தெற்கே இருந்த கரிசல் வட்டாரத்தைப்போல ஆயிரக்கணக்கான ஏக்கர் தோட்டங்களுக்கு இங்கே இடமில்லை. நடுத்தர நிலக்காரர்களும், அவர்களுக்குக் கீழே வாரத்துக்கு உழுதவர்களுமாக நிறைந்த பகுதி.

நெட் காப்பின் தந்தை அடிமையாகப் பிறந்தவர். 1865-ல் விடுதலை வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது இருக்கும். அடிமைகளாக இருந்தவர்களின் பெயர் 1870-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில்தான் முதல்முதலாக ஏறியது. அதற்கு முன்பு முதலாளியின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் எழுதப்பட்டிருக்கும். தென்பகுதியின் கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் முன்னோரைத் தேடிப் போனால் 1870 என்ற சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். அதற்கு அப்பால் போக வேண்டுமென்றால் பாட்டி சொன்னதுதான் ஆதாரம்.

விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் கடற்கரை நிலங்களைக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துத் தரும்படி ஓர் ஆணை போட்டார். அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் நிலங்களைப் பழைய தோட்டக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அலபாமாவின் மேட்டுப் பகுதிக்கு அந்த ஆணைகூட எட்டவில்லை. நிலம் ஒரு பக்கம், கை இன்னொரு பக்கம். நடுவில் வந்ததுதான் வாரச் சாகுபடி.

அது நடந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூன்று படிகள் இருந்தன. அடிப்படியில் இருப்பவனிடம் கையும் காலும்தான் உண்டு. நிலம், கழுதை, கலப்பை எல்லாம் நிலக்காரருடையது, விளைச்சலில் பாதிக்குப் பாதி. சொந்தமாகக் கழுதையும் கலப்பையும் வைத்திருந்தால் அடுத்த படி: பருத்தியில் நாலில் ஒன்றும் சோளத்தில் மூன்றில் ஒன்றும் நிலக்காரருக்கு, மீதி உழுதவனுக்கு. அதற்கும் மேலே குத்தகை: இத்தனை பேல் பருத்தி அல்லது இத்தனை டாலர் என்று கட்டிவிட்டால் மற்றது உன் பாடு. கழுதை ஒன்று வாங்கினால் ஒரு படி ஏறலாம். ஆகவே கழுதைதான் அந்த ஊரில் மனிதனின் அந்தஸ்து.

படி எதுவானாலும் விதைப்பிலிருந்து அறுவடை வரை சாப்பிட வேண்டுமே. கடையில் பற்று எழுதி மாவு, உப்புக்கண்டம், துணி, உரம் வாங்குவார்கள். வட்டி விலையிலேயே ஏறியிருக்கும். ஈடாக இன்னும் விதைக்காத பயிரை எழுதிக் கொடுக்க வேண்டும். அது போதாது என்று தோன்றினால் கழுதை, மாடு, வண்டி, கலப்பை எல்லாம் பத்திரத்தில் ஏறும். கவுண்ட்டி பதிவேடுகளில் இந்தப் பத்திரங்கள் கிடக்கின்றன. கழுதையின் பெயர், நிறம், வயது எல்லாம் விவரமாக எழுதியிருக்கும். டிசம்பர் வந்தால் கணக்குத் தீர்ப்பார்கள். கணக்குப் புத்தகம் கடைக்காரர் கையில். கைநாட்டு வைத்தவன் அந்தக் கணக்கு தப்பு என்று கோர்ட்டில் நிரூபிப்பது அநேகமாக முடியாத காரியமாக இருந்தது.

நெட் காப்பின் தந்தை இந்தச் சக்கரத்தில் ஒரு முறைக்கு மேல் சிக்கினார். கொஞ்சம் சேர்ப்பார்: ஒரு கழுதை, சில மாடு, பன்றி. ஒரு வருஷம் வந்து எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சின்னப் பையனாக நின்று அதைப் பார்த்தார் நெட். மறுபடி கொஞ்சம் சேர்ப்பார். மறுபடி ஓட்டிக்கொண்டு போவார்கள். பிறகு அந்த மனிதர் நிலத்தில் மனசு வைப்பதை விட்டுவிட்டார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காட்டுக்கு வேட்டைக்குப் போவதில்தான் அவருக்குச் சந்தோஷம். வெள்ளை ஓக் மரத்தைக் கீற்றாகக் கிழித்துக் கூடை பின்னுவார். பருத்திக் கூடை, நாற்காலிக்கு அடி, கோடாலிக்குக் காம்பு. கைத்திறமைக்குக் குறைவில்லை. உழைப்பை மட்டும் பிள்ளைகள்மேல் போட்டார். தாய் இறந்தபோது நெட்டுக்கு ஒன்பது வயது. அந்த வயதிலேயே ஏர்க்காலைப் பிடித்துவிட்டார். தந்தை அவரை வேறு வீடுகளுக்குக் கூலிக்கு அனுப்பிக் கூலியைத் தானே வாங்கிக்கொண்டார். 21 வயது வரை மகனின் உழைப்பு தந்தைக்குச் சொந்தம் என்பது அன்றைய வழக்கம்.

தந்தையைப் பற்றி நெட் காப் பேசும்போது கோபமும் இரக்கமும் பிரிக்க முடியாமல் கலந்து வருகின்றன. அடித்ததை மறைக்கவில்லை. பள்ளிக்கூடம் அனுப்பாததை மறக்கவில்லை. ஆனால் அடிமையாக வளர்ந்த மனிதன், சேர்த்ததெல்லாம் போவதைப் பார்த்த மனிதன், சேர்ப்பதிலேயே நம்பிக்கை இழந்ததை மகன் புரிந்துகொண்டார். தென்பகுதியின் குடும்பக் கதைகளில் நிறைய தந்தையர் சோம்பேறிகள் என்ற பெயரோடு போயிருக்கிறார்கள். அவர்கள் சேர்த்த கழுதைகளை எந்த டிசம்பரில் யார் ஓட்டிப் போனார்கள் என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தப் பெயர் நின்றிருக்காது.

இதே தந்தைக்குப் பிறந்த இன்னொரு மகன் வேறு முடிவுக்கு வந்தார். எதையும் சேர்ப்பதில்லை என்று அந்தச் சகோதரர் இளம் வயதிலேயே தீர்மானித்துவிட்டார். கழுதை வேண்டாம், வண்டி வேண்டாம், நிலம் வேண்டாம். இருந்தால்தானே எடுப்பார்கள்? பாதி வாரத்துக்கு உழுது, வயிற்றுக்கு இருந்தால் போதும் என்று வாழ்ந்தார். இதை நெட் காப் கேலி செய்யவில்லை. அந்த ஊரில் அதுவும் யோசித்து எடுத்த முடிவுதான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தனக்கு அது ஒத்து வராது என்றார்.

1906-ல், 21 வயது முடிந்ததும், நெட் காப் வயோலாவைக் கல்யாணம் செய்துகொண்டு தந்தை வீட்டை விட்டு வெளியேறினார். பாதி வாரத்தில் ஆரம்பம். சில வருஷங்களில் சொந்தக் கழுதை. பிறகு குத்தகை. பயிர் வேலை ஓய்ந்த மாதங்களில் மரம் அறுக்கும் ஆலைக்கு வண்டியில் மரம் இழுத்தார். பட்டறை வேலை கற்றார். தந்தையிடமிருந்து வந்த ஒரே நல்ல சொத்தான கூடை பின்னுவதையும் விடவில்லை. தான் வைத்திருந்த ஒவ்வொரு கழுதையின் பெயரும், யாரிடம் என்ன விலைக்கு வாங்கினார் என்பதும், அதன் குணமும் எண்பது வயதைத் தாண்டியும் அவருக்கு நினைவில் இருந்தன.

வயோலாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். இந்த ஒரு விஷயம் அந்தக் குடும்பத்தை எத்தனை தடவை காப்பாற்றியது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருமுறை நிலக் கடனைக் கையில் எடுத்திருந்த ஒருவர் புதுப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்டார். நெட் பத்திரத்தை மனைவியிடம் கொடுத்தார். அவர் முழுக்கப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்: இருப்பது எல்லாம், இனி வரப்போவதும் எல்லாம் ஈடாக எழுதப்பட்டிருக்கிறது. நெட் கையெழுத்து வைக்காமல் எழுந்துவிட்டார். ஒரு கறுப்பின விவசாயி தன் மனைவியைப் படிக்கச் சொல்லி, கேட்டு, மறுத்தது அந்த அறையில் இருந்தவர்களுக்குச் சாதாரண விஷயமாக இருந்திருக்காது. தந்தையிடமிருந்து எல்லாம் போனபோது அந்த வீட்டில் படித்துச் சொல்ல ஆள் இல்லை.

வோட்டுப் போட்டு இதை மாற்றலாம் என்ற வழி முன்பே அடைக்கப்பட்டிருந்தது. 1901-ல் அலபாமா தன் அரசியல் சாசனத்தைத் திருத்தி எழுதியது. வோட்டாளராகப் பதிய எழுத்தறிவு வேண்டும் அல்லது 40 ஏக்கர் நிலமோ 300 டாலர் சொத்தோ வேண்டும். போதாததற்கு வருஷம் ஒன்றரை டாலர் தலைவரி, கட்டாத வருஷங்களும் பாக்கியாகச் சேரும். வயது வந்த கறுப்பின ஆண்கள் சுமார் 1,80,000 பேர் இருந்த மாநிலத்தில் 1903-ல் வோட்டாளராகப் பதிவானவர்கள் 3,000-க்கும் குறைவு.

அடுத்து வந்தது பூச்சி. மெக்ஸிகோவிலிருந்து 1892 வாக்கில் டெக்சாஸுக்குள் நுழைந்த கூன்வண்டு 1910-ல் அலபாமாவைத் தொட்டது. பருத்தியின் இளமொட்டான சப்பையில் துளைபோட்டு முட்டையிடும். சப்பை மஞ்சளாகி உதிரும். உதிர்ந்த சப்பைக்குள்ளேயே புழு வளர்ந்து அடுத்த தலைமுறை கிளம்பும். நெட் காப் தன் பிள்ளைகளை வரிசையாக வயலுக்குள் இறக்கி உதிர்ந்த சப்பைகளைப் பொறுக்கவைத்துக் கொளுத்தினார். வண்டின் போக்கை அவர் அவ்வளவு கூர்ந்து கவனித்திருந்தார், சமாளிக்கவும் செய்தார். பின்னாளில் அவரைப் பற்றிய புத்தகத்துக்குத் தலைப்பே இந்த வண்டைப் பற்றி அவர் சொன்னதிலிருந்து வந்தது. ஆபத்து எல்லாமே வெள்ளைக்காரன் ரூபத்தில் வருவதில்லை என்பது அதன் கருத்து. அதே அலபாமாவின் என்டர்பிரைஸ் என்ற ஊரில், பருத்தியை விட்டு நிலக்கடலைக்கு மாறவைத்ததற்காக 1919-ல் இந்த வண்டுக்கு ஒரு நினைவுச்சின்னமே எழுப்பினார்கள். வாரத்துக்கு உழுதவர்களுக்கு அப்படி மாறும் சுதந்திரம் கிடையாது. கடைக்காரர் பருத்தியின்மேல்தான் கடன் கொடுப்பார்.

விலை இன்னொரு பூச்சி. 1919-ல் பருத்தி ராத்தல் 35 சென்ட்; 500 ராத்தல் பேல் ஒன்றுக்கு 175 டாலர். 1931-ல் ராத்தல் 6 சென்டுக்கும் கீழே. பேலுக்கு 30 டாலர்கூட இல்லை. கடன் மட்டும் பழைய விலையிலேயே நின்றது.

இப்படிப்பட்ட வேளையில்தான் சங்கம் வந்தது. 1931-ல் பர்மிங்ஹாம் நகரிலிருந்து மாக் கோட் என்ற கறுப்பின எஃகுத் தொழிலாளி டல்லபூசாவுக்கு வந்து ரகசியமாகக் கூட்டம் சேர்த்தார். பின்னால் கம்யூனிஸ்ட் கட்சி. ஆனால் கோரிக்கைகளைப் படித்தால் கட்சி வாசனையைவிட வயல் வாசனைதான் அதிகம்: அறுவடை வரைக்கும் சாப்பாட்டுக் கடனை நிறுத்தாதே, எங்கள் பருத்தியை நாங்களே விற்கவிடு, கணக்கை ரொக்கமாகத் தீர், வீட்டுக்குப் பக்கத்தில் காய்கறி போட்டுக்கொள்ள இடம் கொடு, மத்தியானம் மூன்று மணி நேரம் ஓய்வு கொடு, பிள்ளைகளுக்கு ஒன்பது மாதப் பள்ளிக்கூடம் நடத்து.

முதலில் முன்னே நின்றவர்கள் ரால்ஃப் கிரே, டாமி கிரே என்ற சகோதரர்கள். இவர்களுடைய தாத்தா ஆல்ஃபிரட் கிரே, அடிமை முறை ஒழிந்த சில வருஷங்களுக்குக் கறுப்பினத்தவர் வோட்டுப் போட்ட காலத்தில் அலபாமா சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். அந்தப் பெருமையைப் பேரன்கள் வீட்டுப் பேச்சாகக் கேட்டு வளர்ந்திருந்தார்கள். 1931 ஜூலையில் கேம்ப் ஹில் அருகே ஒரு தேவாலயத்தில் நடந்த கூட்டத்தைக் கலைக்க ஷெரிப் ஆட்களோடு வந்தபோது காவலுக்கு நின்றவர் ரால்ஃப் கிரே. இரு பக்கமும் சுட்டார்கள். காயப்பட்ட அவரை வீட்டிலேயே கொன்று, உடலை டேட்வில் கோர்ட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவருடைய உறவுக்காரப் பெண் யூலா கிரே, பதின்ம வயதைத் தாண்டாதவர், அதன் பிறகு சங்கத்தைத் தலைமறைவாக நடத்திக்கொண்டு போனார். குடும்பக் கதைகள் வெறும் பெருமைக்காகச் சொல்லப்படுவதில்லை என்பதற்கு இந்தக் கிரே குடும்பமே போதும்.

நெட் காப்பும் சங்கத்தில் சேர்ந்தார். கிளிஃப் ஜேம்ஸ் அவருடைய கூட்டாளி. ஜேம்ஸ் 1920-களில் 77 ஏக்கர் நிலத்தைக் கடனுக்கு வாங்கி உழுதுகொண்டிருந்தார். சங்கத்தில் சேர்ந்ததும் கடன் பத்திரத்துக்கு அவசரம் வந்துவிட்டது.

டிசம்பர் 19 அன்று முதலில் வந்த எல்டர் திரும்பிப் போய் இன்னும் மூன்று பேரைக் கூட்டி வந்தார். நெட் காப் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து சுட்டார்கள். குண்டு உடம்பில் பட்ட பிறகுதான் அவர் தன் .32 ஸ்மித் அண்ட் வெஸன் கைத்துப்பாக்கியை எடுத்தார். வந்தவர்கள் காயத்தோடு ஓடினார்கள். ஜான் மக்முல்லன் என்ற விவசாயி அங்கேயே இறந்தார். ஜேம்ஸ் வீட்டில் சங்க உறுப்பினர் பட்டியல் அதிகாரிகள் கையில் சிக்கியது. அதன் பிறகு பல நாள் அந்த வட்டாரம் முழுக்க வேட்டை. காயப்பட்ட ஜேம்ஸ் டஸ்கீகி கல்வி நிலையத்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து ஷெரிப்பிடம் ஒப்படைக்கப்பட்டார். அவரும் மைலோ பென்ட்லி என்பவரும் மான்ட்கமரி சிறையில் சரியான சிகிச்சை இல்லாமல் இறந்தார்கள். 1933 ஜனவரியில் பர்மிங்ஹாமில் நடந்த அவர்களுடைய சவ ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள்.

நெட் காப்பும் அதே டஸ்கீகி மருத்துவமனையில்தான் காயத்துக்குக் கட்டுப்போட்டுக்கொண்டார், ராத்திரி தங்கவிடவில்லை. உறவினர் வீட்டில் பிடிபட்டார். 1933-ல் டேட்வில் கோர்ட்டில் ஐந்து பேருக்குத் தண்டனை. நெட் காப்புக்கு 12 முதல் 15 வருஷம். உடன் இருந்தவர்கள் யார் யார் என்று சொன்னால் சலுகை உண்டு என்று ஆசை காட்டினார்கள். சொல்லவில்லை.

பன்னிரண்டு வருஷம் வயோலாவும் பிள்ளைகளும் ஏர் பிடித்தார்கள். அந்த வீட்டின் வரலாற்றில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப்படுவது இந்தப் பகுதிதான். புருஷன் சிறையில், ஊரில் பேர் கெட்ட குடும்பம் என்று முத்திரை, பருத்திக்கு விலையில்லை. 1933-ல் அரசாங்கமே விலையை உயர்த்த, வளர்ந்து நின்ற பருத்தியை உழுது அழிக்கச் சொன்னது. பணம் நிலக்காரர் கைக்குப் போனது. பல இடங்களில் வாரதாரரை வெளியேற்றினார்கள். அந்த வெள்ளத்தில் இந்தக் குடும்பம் கழுதையைக் காப்பாற்றிக்கொண்டது, ஒருவரோடொருவர் சேர்ந்தும் இருந்தது. மகன்களில் ஒருவர் தந்தையின் இடத்தில் நின்று முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். தியாகம் என்ற சொல்லைச் சிறைக்குப் போனவருக்கு மட்டும் வைத்துக்கொள்வது நியாயமாகாது.

1945-ல் நெட் காப் திரும்பி வந்தபோது வயது 60. தான் விட்டுப்போன ஊர் அங்கே இல்லை. போர்க்காலத்து வேலைகளுக்கு ஜனங்கள் நகரங்களுக்குப் போயிருந்தார்கள். 1916-க்கும் 1970-க்கும் இடையில் தெற்கை விட்டுப் போன கறுப்பினத்தவர் சுமார் 60 லட்சம். வயலில் டிராக்டர் ஓட ஆரம்பித்திருந்தது. மகன் இயந்திரத்துக்கு மாறினார், தந்தை மாறவில்லை. கழுதையோடு பேசி உழவு கற்றவருக்கு டிராக்டர்மேல் ஏறி உட்கார மனம் வரவில்லை. முடிந்தவரை கழுதையை வைத்துத் துண்டு நிலத்தை உழுதார், கூடை பின்னி விற்றார். 1950-ல் வயோலா இறந்தார். சில வருஷம் கழித்து மறுமணம் செய்துகொண்டார்.

நெட் காப்பின் கதை தனிக் கதை இல்லை. 1920-ல் அமெரிக்காவில் கறுப்பின விவசாயிகள் 9,25,000 பேர்; ஏழு பண்ணைக்கு ஒன்று அவர்கள் கையில். அவர்களில் சொந்த நிலம் உள்ளவர்கள் நாலில் ஒருவருக்கும் குறைவு. 2017-ம் ஆண்டுக் கணக்கில் அந்த மொத்தத் தொகை 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. கடன் கொடுப்பதில் நிறம் பார்த்ததற்காக அமெரிக்க விவசாயத் துறைமீதே கறுப்பின விவசாயிகள் வழக்குப் போட்டு, 1999-ல் நூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு தரும் உடன்பாடு வந்தது. வழக்கை நடத்தியது நெட் காப்பின் பேரன் வயதுக்காரர்கள். விதைக்கக் கடன் யார் கையில் என்ற கேள்வி அவர்கள் காலத்திலும் தீரவில்லை.

முதல் சந்திப்புக்குப் பிறகு ரோசன்கார்ட்டன் 1971-ல் ஒலிப்பதிவுக் கருவியோடு திரும்பி வந்தார். கிழவர் சாமான் கொட்டகையின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கூடை பின்னியபடியே பேசினார். நூறு மணி நேரத்துக்கும் மேல் பதிவானது. குடும்பத்தாரையும் ரோசன்கார்ட்டன் சந்தித்தார், கோர்ட்டுப் பதிவேடுகளையும் பார்த்தார். ஊரில் இன்னும் வாழ்ந்துகொண்டிருந்த குடும்பத்தின் பாதுகாப்புக்காகப் பெயர்களை மாற்றினார்கள்: நெட் காப் 'நேட் ஷா' ஆனார், டல்லபூசா 'டுகபாச்சி கவுண்ட்டி' ஆனது, வயோலா 'ஹன்னா' ஆனார். 1973 நவம்பர் 5 அன்று நெட் காப் இறந்தார். 1974-ல் 'ஆல் காட்ஸ் டேஞ்சர்ஸ்' வெளிவந்தது. மறுவருஷம் தேசியப் புத்தக விருது பெற்றது. பிறகு நெடுங்காலம் பேசுவாரில்லாமல் கிடந்து, 2014-ல் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் டுவைட் கார்னர் அதைப் பற்றி எழுதிய பின் மறுபடி கடைகளுக்கு வந்தது.

1990-ல் ராபின் கெல்லி அலபாமா கம்யூனிஸ்டுகளைப் பற்றி எழுதிய 'ஹாமர் அண்ட் ஹோ' என்ற வரலாற்று நூலில் புனைபெயர்கள் இல்லை. சட்டசபைக்குப் போன தாத்தா ஆல்ஃபிரட் கிரேயும், கோர்ட்டு வாசலில் கிடந்த பேரன் ரால்ஃப் கிரேயும், கிளிஃப் ஜேம்ஸும், நெட் காப்பும் அதில் தங்கள் சொந்தப் பெயரோடு வருகிறார்கள்.